கேரட் ஏன் குழைந்தது

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் கேரட் டின்கள் கடைகளிலிருந்து திரும்பி வந்துவிட்டன. திறந்தால் துண்டுகள் இல்லை, கூழ். ஸ்பூன் பட்டாலே நசுங்குகிறது. காசு கொடுத்து வாங்கியவன் திட்டாமல் என்ன செய்வான்?

உற்பத்தி மேலாளருக்குத் தொழிற்சாலை முழுக்க 'அரை நிமிஷம்' என்றுதான் பெயர். எதற்கெடுத்தாலும், "இதுல ஒரு அரை நிமிஷம் மிச்சம் பண்ண முடியாதா?" என்பார். இன்று கூட்டம் போட்டார், விசாரணை இல்லாமலே தீர்ப்பும் சொல்லிவிட்டார். வெட்டும் பிரிவுப் பெண்கள் மொட்டைக் கத்தியால் கேரட்டை நசுக்கி வெட்டுகிறார்களாம். மாதக் கடைசியில் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டு இயந்திரம் வாங்கப் போகிறாராம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி என் அக்கா. நான் அதே இடத்தில் ஆய்வக உதவியாளன். கூட்டத்தில் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். என்ன சொல்வது? எனக்கும் காரணம் தெரியாதே.

மார்ச் 4

அக்கா கத்தியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மொட்டைக் கத்தியாம்ல? வாடா, உன் மீசையை எடுத்துக் காட்டுறேன்." சிரித்தோம். பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அத்தான் முதுகில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு எரிவது அவளால்தான். என் சம்பளம் வாடகையைத் தாண்டாது.

ஒரு தப்பு நடந்தால் ஏன் எப்போதும் கீழே இருப்பவனிடமிருந்தே தேட ஆரம்பிக்கிறார்கள்? மேலே ஏறித் தேட முட்டி வலிக்குமோ?

மார்ச் 6

இன்று குழைந்த கேரட்டில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். ஆய்வகப் பொறுப்பாளர் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்குப்பா வம்பு? நமக்கு உப்பு, புளிப்பு பாக்குறதுதானே வேலை."

கத்தி நசுக்கியிருந்தால் செல்களின் சுவர்கள் கிழிந்திருக்க வேண்டும். தேடித் தேடிப் பார்த்தேன். வெட்டிய விளிம்பைத் தவிர வேறெங்கும் கிழிசலே இல்லை! ஒவ்வொரு செல்லும் முழுசாக இருக்கிறது. ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாமல், குலையிலிருந்து உதிர்ந்த திராட்சை மாதிரி தனித்தனியாக மிதக்கிறது.

"அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க."

வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அட" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார்.

கத்தி இல்லை. கத்தி இல்லவே இல்லை.

மார்ச் 7

பொறுப்பாளர் அம்மாவின் பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். கல்லூரியில் மனப்பாடம் செய்து பரீட்சையோடு கழுவிவிட்ட விஷயம். இன்றுதான் புரிந்தது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது முதலில் நடுவே மெல்லிய தட்டு ஒன்று உருவாகிறது. அதிலிருந்து பெக்டின் நிறைந்த ஒரு படலம் வருகிறது. அதுதான் பசை. அதற்குப் பிறகுதான் இரண்டு செல்களும் தத்தம் பக்கத்தில் செல்லுலோஸ் இழைகளைப் பரப்பிச் சொந்தச் சுவர் கட்டுகின்றன. இழைகளின் இடைவெளியிலும் பெக்டின்தான். மரமாக இருந்தால் செல் வளர்ந்து முடித்தபின் உள்ளே இன்னொரு தடித்த சுவர் எழுப்பி, லிக்னின் என்ற கெட்டிப்பொருளை ஊட்டி இறுக்கிவிடும். எவ்வளவு வேகவைத்தாலும் மரம் குழையாது. கேரட்டுக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலும் மெல்லிய முதல் சுவர்தான்.

ஆக, எங்கள் கேரட்டில் சுவர் இடியவில்லை. சுவருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த பசை கரைந்துவிட்டது.

மார்ச் 8

சரி, கரைத்தது யார்? போன வருஷமும் இதே கேரட், இதே கொதிநீர்.

மார்ச் 10

சாப்பிடும்போது அக்கா புலம்பினாள். "தொட்டியை மூடினதுலருந்து எங்களுக்கு மூச்சு விட நேரமில்ல, வெட்ட வெட்ட அள்ளிக்கிட்டுப் போயிடுறாங்க."

"எந்தத் தொட்டி?"

"கழுவுற தொட்டிதான். வெட்டின துண்டைக் கொதிக்காத சுடுதண்ணியில அரை மணி நேரம் போட்டு வைப்போமே? அப்புறம்தானே வேகவைக்கப் போகும். ஜனவரியில பீச்சியடிச்சுக் கழுவுற மிஷின் வந்துச்சுல்ல, இனிமே இது தண்டம்னு அரை நிமிஷம் மூடிட்டாரு."

சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த டின்கள் எல்லாமே ஜனவரிக்குப் பிந்தியவை.

"என்னடா, உப்பு இல்லையா?"

"அக்கா, நாளைக்கு நீ வெட்டின துண்டு கொஞ்சம் வேணும்."

மார்ச் 11

அக்கா ஒரே கத்தியால் வெட்டிய துண்டுகள். இரண்டு பாத்திரம். ஒன்றை நேரே கொதிக்க விட்டேன். இன்னொன்றை, பழைய தொட்டியில் இருந்த அதே சூட்டில், அறுபது டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் அதே அளவு கொதிக்க விட்டேன்.

முதல் பாத்திரத்தில் கூழ். இரண்டாவதில் துண்டுகள் உறுதியாக நிற்கின்றன. கடித்துப் பார்த்தேன். கடிபடுகிறது!

மிதமான சூட்டில் கேரட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினைப் பக்குவப்படுத்துகிறது. அப்போது கேரட்டிலேயே உள்ள கால்சியம் வந்து பெக்டின் இழைகளைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் கொதித்தாலும் பசை எளிதில் கரையாது. நேரே கொதிநீரில் போட்டால் வேலையைத் தொடங்கும் முன்பே நொதி செத்துவிடும்.

அழுக்குப் போக்கும் தொட்டி என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

மார்ச் 12

நான் தனியாகப் போய்ச் சண்டை போடத் தயாராக இருந்தேன். அம்மா தடுத்தார். "நீ போனா கத்துவே. நான் வர்றேன்." இரண்டு பாத்திரங்களையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

அரை நிமிஷம் இரண்டையும் தின்று பார்த்தார். முகம் சுருங்கியது. "அது கழுவுற தொட்டிதானேம்மா?"

"நாங்களும் அப்படித்தான் சார் நெனச்சோம்."

"அரை மணி நேரம்மா..." ஏதோ சொத்து பறிபோன மாதிரி முனகினார்.

"சார், அப்ப கத்தி?" என்றேன். அம்மா என் காலை மிதித்தார்.

"பாக்கலாம்" என்றார் அவர். பாக்கலாமாம்! பழி போடும்போது மட்டும் இந்தப் 'பாக்கலாம்' எங்கே போயிருந்தது?

மார்ச் 14

தொட்டியில் தண்ணீர் விடுகிறார்கள். இயந்திரம் வாங்குவதைக் கைவிட்டாயிற்று.

மார்ச் 21

புது டின்கள். அம்மாவும் நானும் வரிசையாகத் திறந்தோம். எல்லாம் துண்டு துண்டாக நிற்கிறது. நின்றுகொண்டே ஒரு டின் முழுக்கத் தின்றேன்.

யாரும் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். அக்காவிடம் பொருமினேன்.

"அவர் மன்னிப்பைக் கொழம்புலயா போடப் போறேன்? வேலை இருக்குல்ல, விடு. நாங்க வேற ஒண்ணு கேக்கப் போறோம்."

ஏப்ரல் 2

மாதிரி எடுக்க வெட்டும் பிரிவுக்குப் போனேன். புது ஸ்டூல்கள். அவர்கள் கேட்டது இதைத்தான்; இத்தனை வருஷம் நின்றே வெட்டிய அத்தனை பெண்களும் உட்கார்ந்துகொண்டு வெட்டுகிறார்கள். அக்கா ஒரு காலை மடக்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "என்னடா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற? எடுத்துக்கிட்டுக் கெளம்பு, வேலை கெடக்குது" என்றாள்.