சப்ளை இல்லாமல் எரிந்த விளக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன், கோபிக்காதே. முழங்கால் வலி தேவலையா?

நேற்று வேலையில் ஒரு வேடிக்கை. என் சர்க்யூட் போர்டில் ஒரு சிப்புக்கு மின்சப்ளையை நிறுத்திய பிறகும் அதன் விளக்கு மினுங்கியது. பக்கத்துச் சிப்பிலிருந்து சிக்னல் கம்பி வழியாக மின்சாரம் புகுந்திருக்கிறது.

“நீங்க சோறு போடலைன்னாலும் உங்க சிப் பக்கத்து வீட்டுல சாப்பிட்டுக்குதே!” என்று டெஸ்டிங்காரர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று போனில், உன்னிடம் விட்டுவந்த என் பாப்பா அண்ணியை “அம்மா” என்று கூப்பிட்டது காதிலேயே நிற்கிறது. அண்ணி நல்லவள்தான், ஆனாலும் வயிறு எரிகிறது. அந்தச் சிப்பை எடுத்துவிட்டு, சப்ளை இல்லாதபோது வேறெங்கிருந்தும் மின்சாரம் புகாமல் தன்னை மூடிக்கொள்ளும் சிப்பைப் போட்டுவிட்டேன். பிள்ளையை அப்படி மூடிக்கொள்ளச் சொல்ல முடியுமா?

அலமாரியிலிருக்கும் என் நைட்டியைப் பாப்பா பக்கத்தில் போட்டு வை. தூக்கத்தில் அழுதால் யாரைத் தேடுகிறாள்? மறைக்காமல் சீக்கிரம் பதில் எழுது.