விசிறிச் சத்தம்

மார்ச் 3
24ஆம் தேதி என் மனைவிக்கு அறுவை சிகிச்சை. குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் முந்நூறு வாக்கியங்களை வாசித்துப் பதிந்து வைத்தால், பிறகு அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே கணினி பேசுமாம். பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார்: “அறை அமைதியா இருந்தா போதும் சார். போன்லகூட பதியலாம்.”

போனிலா? நானே ஒவ்வொரு திருகாக முடுக்கிச் சேர்த்த கணினி பிறகு எதற்கு இருக்கிறது?

வீடு திரும்பும்போது, “நான் வாயை மூடணும்னு முப்பது வருஷமா வேண்டினீங்க, பலிச்சிடுச்சு” என்றாள். சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 5
பதிவு மென்பொருளைத் திறந்தாலே ப்ராசசர் சூடு எண்பத்தெட்டு டிகிரி. கணினியின் விசிறி மிக்ஸி மாதிரி இரைகிறது. அவள் வாசித்த பன்னிரண்டு வாக்கியங்களிலும் அந்த இரைச்சல்தான். அத்தனையையும் அழித்தேன். ப்ராசசரைக் குளிர்விக்கப் பெரிய கூலராக ஒன்று வாங்க வேண்டும்.

மார்ச் 9
புதுக் கூலரை மாட்டினேன். தொண்ணூற்றிரண்டு. பழையதே தேவலை.

மகள் போனில், “அப்பா, போன்லயே பதிஞ்சிடலாமே” என்றாள். உனக்கு ஒண்ணும் தெரியாது என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 12
மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு இன்று கழற்றிப் பார்த்தால் — கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நான் உரிக்கவே இல்லை. ‘மாட்டும் முன் உரிக்கவும்’ என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது.

அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “முதல்ல இந்த வாக்கியத்தைத்தான் வாசிச்சிருக்கணும்” என்றாள். குரல் மிகவும் கம்மியிருந்தது.

மார்ச் 13
தாளை உரித்து, சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து மாட்டினேன். அறுபத்தொன்று. ஆனாலும் மைக்கில் லேசாக ஒரு உறுமல். அதையும் விடக் கூடாது.

மார்ச் 14
விசிறி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் வெறும் அறையைப் பதிந்து கேட்டேன். ஒன்பது முறை. அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். வாக்கியத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாளை தொடங்கலாம் என்றேன். “நீங்க சொன்னா சரி.”

மார்ச் 15
காலையில் மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ்.

மார்ச் 16
காத்திருக்க முடியாது என்று குரல்வளையை இன்றே எடுத்துவிட்டார்கள்.

போன்ல பதிஞ்சிருக்கலாமே. பன்னிரண்டு இருந்துச்சே, அதையும் அழிச்சேனே. என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 2
அவள் வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. கணினி அத்தனை அமைதியாக ஓடுகிறது.

கணினியில் அவள் குரலை உருவாக்கப் பழைய வீடியோக்கள் உதவாதாம். அவற்றில் நாலு பேர் சேர்ந்து பேசுகிறோம். “அம்மா குரல் மட்டும் தனியா எதுவுமே இல்லையாப்பா?” என்று கேட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோதனைப் பதிவுகளை வரிசையாகப் போட்டோம். விசிறி, விசிறி, குறைந்த விசிறி. ஒன்பதாவதில் ஒன்றுமே இல்லை. அது முடியப்போகும்போது, சுத்தமாக, அவள்:

“முடிஞ்சுதாங்க? நான் பேசலாமா?”

உடனே என் குரல். “இரு, இன்னும் ஒரு நிமிஷம்.”

கட்டிலில் இருந்தபடி அவளும் கேட்டாள். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். மகள் மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். என் குரல் வரும் முன் நிறுத்திவிட்டேன்.