நெஞ்சை அமுக்கும் தாளம்

அன்பு மகளே,

குவைத்துக்குப் போன் போட்டாலே "டியூட்டி இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் நர்சிங் மாணவிகள் நம் சபைக்கு வந்து, மாரடைப்பில் விழுந்தவரின் நெஞ்சை அமுக்கி உயிரைப் பிடித்துவைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பழகுவதற்கு, அப்பா போனபிறகு சும்மா கிடக்கும் அவருடைய தலையணையைக் கொண்டுபோயிருந்தேன். தாளம் பிசகாமல் இருக்க ஒரு கீர்த்தனை பாடச் சொன்னார்கள். நாம்தான் எதையும் இழுத்துப் பாடுவோமே! "இந்த ஸ்பீடுல அமுக்குனா ஆளு போயிருவாரு, ஆன்ட்டி" என்று ஸ்மைலின் என்ற பெண் சிரித்தாள்.

பிறகு வேகம் பிடித்துவிட்டேன்.

"ஒருத்தர் அமுக்கணும், இன்னொருத்தர் ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். உங்க வீட்டுல யாருக்குச் சொல்லிக் குடுப்பிய?" என்று கேட்டாள்.

"மகளுக்கு" என்றேன்.

கவனமாக வாசி. உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கு. நம் சபையைப்போல இழுக்காதே மகளே, வேகமாகப் பாடு.

உன் அம்மா