பெயருக்குத் திரும்பாத தன்விகா

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கு நடப்பதற்குள் கண்ணெல்லாம் மண்.

இது எங்கள் மழலையர் பள்ளியை நடத்துகிற மேடம் கொடுத்த நோட்டு. என்னென்ன விளையாட்டு, என்னென்ன கைவேலை என்று தினமும் எழுதச் சொல்லிக் கொடுத்தது. முன்பக்கத்தில் அதை ஒழுங்காக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிவைத்து இங்கே என் பேச்சு. பள்ளி நோட்டில் சொந்தக் கதை எழுதுவது தப்பு. மன்னிக்க வேண்டும். ஆள் முன்னால் பேச வாய் வராதவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்று வெண்டைக்காய் அச்சு. தேவைப்பட்டவை: முற்றின வெண்டைக்காய் கால் கிலோ, மூன்று கலர், பழைய பேப்பர், ஈரத்துணி இரண்டு. (ஆறு வேண்டும். அடுத்த முறை.)

எட்டுப் பிள்ளைகள். ஐந்து தாள்களில் பூ. இரண்டு பேர் வெண்டைக்காயைத் தின்றுவிட்டார்கள். கவின், பள்ளி ஆயா நல்லம்மாக்காவின் சேலையில் வரிசையாகக் குத்திவிட்டான்.

"புதுச் சீல டீச்சர். செரி உடுங்க, காசில்லாம பூப்போட்டுக் குடுத்துட்டான்."

தன்விகாஸ்ரீ மட்டும் மூலையில் தனியாக. இரண்டே முக்கால் வயது. காலையில் பெயர் வாசித்தேன், திரும்பவில்லை. மேடம் கதவருகில் நின்று மூன்று தடவை கூப்பிட்டார். கூப்பிடுவது வேறு யாரையோ என்பதுபோல் அவள் தன் பாட்டுக்குப் பூக் குத்திக்கொண்டிருந்தாள்.

மேடம் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "ரெண்டு வாரமா பாக்கறேன் டீச்சர். பேர் சொன்னா திரும்பறதே இல்ல. நமக்கு இது சரிப்படாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு போன் போட்டு, அடுத்த ஜூன்ல சேத்துக்கலாம்னு சொல்லிடறேன்."

"சரிங்க மேடம்" என்றேன். எதற்குச் சொன்னேன்? காது நன்றாகத்தான் இருக்கிறது. பத்தடிக்கு அப்பால் பிஸ்கட் பாக்கெட் பிரிந்தால் முதலில் திரும்புகிற தலை அவளுடையது.

ஜூலை 8, செவ்வாய்

காற்று நின்றபாடில்லை. ஜன்னலில் ஒட்டிய காகித மீன்கள் இரண்டு பறந்து போயின.

மேடம் புதுப் பெட்டி ஒன்று வரவழைத்திருக்கிறார். பிளாஸ்டிக் தட்டு, அதில் பன்னிரண்டு குழி, கலர் கலராகப் பஞ்சு உருண்டைகள், ஒரு சின்ன இடுக்கி. எடுத்து எடுத்துக் குழியில் போட வேண்டும். விரல்களுக்குப் பயிற்சி. அட்டையில் ஆங்கிலத்தில் நான்கு வரி.

படித்ததும் சிரிப்பு. அப்புறம் என்னவோபோல் ஆகிவிட்டது.

சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணையில் அம்மாவுக்கு முட்டை பொறுக்கும் வேலை. நான் சின்னவளாக இருந்தபோது என்னை விட்டுவிட்டு வர ஆளில்லை. முட்டை ரூமில் உட்கார வைத்துவிடுவாள். ஓரம் பிய்ந்த முட்டை அட்டை ஒன்று, தீவன மூட்டையிலிருந்து ஒரு கை மக்காச்சோளம், ஒரு கை புளியங்கொட்டை. அட்டையில் முப்பது குழி. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு சுற்று வரும்போதும் புது உத்தரவு போடுவாள்: "சாமி, இப்ப குழிக்கு ஒண்ணு." அடுத்த சுற்றில், "இப்ப ஒரு வரி சோளம், ஒரு வரி கொட்டை." அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும். தீவனத்தின் கருவாட்டு நாற்றம், அட்டையின் சொரசொரப்பு, தூரத்தில் அவள் வண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது. அந்தச் சத்தம் கிட்டே வர வர விரல்கள் பறக்கும்.

ஒருநாள் கீறல் விழுந்த முட்டை ஒன்றில் பென்சிலால் கண்ணும் மீசையும் போட்டுக் கொடுத்தாள். மொட்டையன் என்று பெயர் வைத்தேன். மூன்று நாள் என்னோடுதான் தூங்கினான். ஞாயிற்றுக்கிழமை அவனைக் குழம்பில் உடைத்து ஊற்றிவிட்டாள். அழுது அழுது, பிறகு இரண்டு தட்டு சோறு தின்றேன்.

புதுத் தட்டில் தன்விகா பன்னிரண்டு குழியையும் ஒரு மூச்சில் நிரப்பினாள். "வெரி குட் தன்விகா" என்றேன். திரும்பவில்லை.

இரவு அம்மாவிடம் முட்டை அட்டை கேட்டேன். "பத்து போதுமா கண்ணு? வெயில்ல காயப் போட்டது வீட்டுலயே இருக்குது. உங்க மேடம் மூக்கைச் சுளிச்சா என்னைய சொல்லாத."

ஜூலை 9, புதன்

மேடம் மூக்கைச் சுளித்தார். ஆனால் அட்டைகளை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இன்று கம்பளிப்பூச்சி. அட்டையை வரிவரியாக நறுக்கிக் கவிழ்த்து, பச்சை அடித்து, ஊதுபத்திக் குச்சியை ஒடித்துக் கொம்பு. நறுக்குவது நான், அடிப்பது பிள்ளைகள். கவின் தன் பூச்சிக்குப் பதினோரு கொம்பு வைத்தான்.

"அது ஆண்டெனா வெச்ச லாரி டீச்சர்" என்றார் நல்லம்மாக்கா. அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர்.

மூன்றரை மணி. பிள்ளைகள் கை கழுவுகிற நேரம். குழாய்ச் சத்தம், கூச்சல். தன்விகாவின் தாத்தா டிவிஎஸ்ஸை கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். இத்தனை நாள் அவள் அம்மாதான் வருவாள். இவர் வந்தது இன்றுதான். கேட்டைக்கூடத் திறக்கவில்லை, சத்தமாகவும் கூப்பிடவில்லை.

"சாமி, வாங்க போலாம்."

சோப்பு நுரைக் கையோடு அப்படியே திரும்பினாள். "சாமி வந்தாச்சு!" என்று ஓட்டம். அவர் இவளைச் சாமி என்கிறார், இவள் அவரைச் சாமி என்கிறாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கொஞ்சிக் கூப்பிடுகிற சொல்.

பையை எடுத்துக் கொடுத்தபோது மெதுவாகக் கேட்டேன், வீட்டில் பாப்பாவை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று.

"சாமின்னுதானுங்க அம்மிணி. அந்தப் பேரு ஜோசியரு எழுதிக் குடுத்ததுங்க. எனக்கு வாயில நொழையறதில்ல. அவங்கப்பனே யாராச்சும் போன்ல கேட்டாத்தான் முழுசாச் சொல்லுவான்."

பஸ்ஸில் முழுக்க இதே நினைப்பு. வீட்டில் நானும் சாமிதான். ஒன்றாம் வகுப்பில் முதல் வாரம் டீச்சர் "கோகிலவாணி" என்று வாசிப்பார். யாரந்தப் பிள்ளை, ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்று நானும் சுற்றிப் பார்ப்பேன். அந்த வாரம் முழுக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட். சனிக்கிழமை அம்மா வந்து, "இதா இருக்குதுங்களே டீச்சர்" என்று என் தலையைத் தொட்டுக் காட்டினாள். அன்றைக்குத்தான் அது நான் என்று தெரிந்தது. மஞ்சள் ரிப்பனும் முட்டை அட்டையில் அம்மா நறுக்கிக் கொடுத்த பென்சில் பெட்டியும் நினைவிருக்கின்றன. அந்த டீச்சரின் முகம் நினைவில்லை.

ஜூலை 10, வியாழன்

காலையில் நாலு தூறல். மண் வாசம் வருவதற்குள் நின்றுவிட்டது.

ஜவ்வரிசி ஒட்டுதல். நேற்றே சாயம் போட்டுக் காயவைத்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள். மைதாப் பசை (காய்ச்சியது, கட்டி விழுந்துவிட்டது). மயில் படம். சட்டைக்குள் ஜவ்வரிசி: நான்கு பேர். மூக்குக்குள்: ஒன்று, எடுத்தாயிற்று.

மேடம் ஆபீஸ் ரூமில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, குனிந்து, அவள் காதருகில்:

"சாமி, அந்தப் பச்சையை எடுங்க."

எடுத்தாள்.

"கழுத்துல ஒட்டுங்க சாமி."

ஒட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக. அப்புறம் வாயை மூடவில்லை. மயிலுக்குப் பசிக்கிறதாம், மஞ்சள் எல்லாம் சோறாம், எனக்கும் ஒன்று ஊட்டிவிட்டாள். சாயம் கசந்தது.

நல்லம்மாக்கா துடைப்பத்தோடு நின்றுவிட்டார். "அட, வாயத் தொறந்துருச்சு! டீச்சர், போயி மேடத்துகிட்டச் சொல்லுங்க."

"நீங்க சொல்றீங்களாக்கா?"

"நாஞ் சொன்னா, கூட்டற வேலையப் பாருன்னுவாங்க. டிகிரி படிச்சது நீங்களா நானா?"

ஆபீஸ் ரூம் வரை போனேன். மேடம் ஒரு பிள்ளையின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் ஜூனில் நான் சேர்ந்த வாரமே சொல்லியிருக்கிறார்: "இந்த 'ஏனுங், வாங்க சாமி' எல்லாம் கேட்டுக்கு வெளிய விட்டுட்டு வாங்க டீச்சர். இங்கிலீஷ் வரும்னுதான் பிள்ளைங்கள இங்க விடறாங்க." அன்று மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள்.

"என்ன டீச்சர்?"

"பசை தீந்துபோச்சுங்க மேடம்."

எடுத்துக் கொடுத்தார். இரண்டு டப்பா. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோழை.

ஜூலை 11, வெள்ளி

வெயில். காற்று இல்லை. காலை மணி பத்தேமுக்கால், பிள்ளைகள் பிஸ்கட் தின்கிறார்கள். மேடம் பன்னிரண்டு மணிக்கு போன் போடுவார்.

இதுவரை மேடத்திடம் கேட்டவை: ஈரத்துணி, பச்சைக் கலர், பசை. கேட்காதது ஒன்று.

காலையில் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, "என்ன சாமி, மொகமே சரியில்ல?" என்றாள். சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சீப்பை அப்படியே பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் வந்து உன்னையக் காட்டுனேன். இந்தப் புள்ளைய யாரு காட்டுவா?" என்றாள். பிறகு, "பஸ்ஸு போயிரும், கெளம்பு."

வகுப்பில் இப்போது: கவின் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டான். தன்விகா நேற்றைய மயிலைத் தேடுகிறாள். நல்லம்மாக்கா ஜாடையில் ஆபீஸ் ரூமைக் காட்டுகிறார். மூன்றாவது தடவை.

வாயால் சொல்ல எனக்கு வராது. போனால் மறுபடி பசை கேட்டுவிடுவேன். அதனால் இந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் எழுதுகிறேன். கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்கப் போகிறேன்.

மேடம்,
தன்விகாவுக்குக் காது கேட்கிறது, பேசவும் வருகிறது. வீட்டில் அவளைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயர் தன்னுடையது என்றுதான் இன்னும் தெரியவில்லை. அதை நான் சொல்லிக் கொடுக்கிறேன், கொஞ்ச நாள் ஆகும். என் பேச்சு பள்ளிக்குப் பொருந்தாது என்று சொன்னீர்கள், திருத்திக்கொண்டு வருகிறேன். போனை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை எங்கள் வகுப்புக்கு வந்து, கதவருகில் நின்று, "சாமி, இங்க வாங்க" என்று நீங்கள் கூப்பிட வேண்டும்.