தானே நிற்கும் சொட்டு

கிருஷ்ணகிரி,
12-6-1958

மகள் சென்னம்மாவுக்கு,

எழுத்துகள் கோணலாக நிற்கும், பொறுத்துக்கொள். இப்போதுதானே கற்றேன்.

மாம்பழச் சாற்றின் புளிப்பை அளக்க, அதில் புளிப்பை முறிக்கும் காரநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புளிப்பு முறிந்து சாறு சிவந்ததும் நிறுத்துவது ஆலையில் என் வேலை. இரண்டு மாதமாக அந்தச் சிவப்பு என் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளியே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று ஒரு மெஷின் வந்தது. தானே சொட்டுவிட்டுத் தானே நிறுத்துகிறது. நானோ பழக்கத்தில் அதன் குழாயைத் திருகி மூடிவிட்டேன்.

"ஐயோ பெரியவரே, கைய எடுங்க! எப்ப நிறுத்தணும்னு அதுக்கே தெரியும்," என்று கெமிஸ்ட் சிரித்தார். "அது காட்டற நம்பர நோட்டுல எழுத ஆளு வேணும். எழுதுவீங்களா?"

"இப்பவே எழுதறனுங்க!"

கறுப்பு எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. இன்று பன்னிரண்டு எழுதினேன்.

வேலையை விட்டு வேப்பனப்பள்ளிக்கு வந்துவிடச் சொன்னாயே. அடுத்த வாரம் கடிதம்தான் வரும், நான் வரமாட்டேன்.

உன் அப்பா