மூன்றாவது வரி

நேற்று உன் மகள் ஒரு கம்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். தினக் காலண்டர் தாள்களைக் கிழித்துக் குத்திவைத்த கம்பி. "அம்மா கடையில இருந்துச்சி பெரிம்மா. தூக்கிப் போட மனசு வரல" என்றாள். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் உன் எழுத்தில் மூன்று வரி. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடைசிவரை இந்தப் பழக்கத்தை நீ விடவில்லையா!

இதைத் தொடங்கியபோது நமக்குப் பத்தொன்பது வயது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கச்சிராயபாளையம் ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. பஸ் ஓடாததே சாக்கு என்று நான் சுகமாகப் படுத்துக்கிடந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து நீ வந்து காலண்டர் தாளை மூக்குக்கு நேரே நீட்டினாய். நடக்கணும். ஒரு மணி நேரம் டைப் அடிக்கணும். இருட்டுவதற்குள் வீடு திரும்பணும்.

"இன்னாடி, பைத்தியமா உனக்கு? நாலு மைல் யாரு நடப்பா?"

"எழுதியாச்சி. சாயங்காலம் மூணுத்துக்கும் கோடு போடாம வுட மாட்டேன். எழுந்திரு."

சாய்ந்து கிடந்த புளியமரத்தருகே ஆட்கள் நம்மை நிறுத்தினார்கள். "எங்கம்மா போய்க்கினு இருக்கீங்க இந்த நேரத்துல?" என்று ஒருவர் அதட்டினார். "டைப் அடிக்கங்க" என்றாய் நீ. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளையை அவரே தூக்கிப் பிடித்து வழிவிட்டார். கள்ளக்குறிச்சியில் கடைகள் அடைத்துக்கிடந்தன. டைப் இன்ஸ்டிட்யூட் மாடியில் குடியிருந்த மாஸ்டர் நமக்காகக் கீழே வந்து கதவைத் திறந்தார். பத்து நாளும் நடந்தோம், இருவரும் தேறினோம். நான் அரசு வேலைக்குப் போனேன். நீ தாலுகா ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கும் கடை போட்டாய்.

உன் சட்டம் எனக்கு இன்னும் மனப்பாடம். "முடியாத வேலைய மறுநாள் மொத வரியில எழுது. கீழ எழுதினா அது கீழயே கிடக்கும்."

நேற்று தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். தை மாதத்துத் தாளில், மூன்றாவது வரியில், "மார்புக் கட்டி, ஆஸ்பத்திரி" என்றிருந்தது. கோடு இல்லை. மறுநாளும் மூன்றாவது வரியில் ஆஸ்பத்திரி. அதற்கும் கோடு இல்லை. மாசி, பங்குனி, சித்திரை. மேலே இரண்டு வரிகளுக்கும் கோடு போட்டிருக்கிறாய். பால் சொசைட்டி, மகளுக்குப் புடவை, யாரோ ஒருவருடைய பட்டா மனு. ஆஸ்பத்திரி மட்டும் அடியிலேயே கிடந்தது.

ஆடியில்தான் என்னிடம் சொன்னாய். "இப்பதான்டி தெரிஞ்சிது, முத்திடுச்சாம்." அதை நான் அப்படியே நம்பினேன். ஐப்பசியில் உன்னை எடுத்துப் போனார்கள். ஆறு மாதம் தெரிந்தே வைத்திருந்தாயா? உன்னை என்னவென்று திட்டுவது? பாவி!

திட்டிக்கொண்டே இன்னொரு தாளைத் திருப்பினேன். வைகாசி. முதல் வரியில் என் பெயர். "இவளோட பென்ஷன் மனு." அழுத்தமாகக் கோடு போட்டிருந்தாய். அதற்கு அவசரமே இல்லை. அடுத்த மாதம் கொடுத்திருந்தாலும் போதும். நான்தான் போன் போட்டு, "இன்னிக்கே அடிச்சிக் குடுடி" என்று உயிரை எடுத்தேன். அன்றும் மூன்றாவது வரியில் ஆஸ்பத்திரி இருந்திருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

இன்று காலை எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தேன். முதல் வரியில் ஆஸ்பத்திரி என்று எழுதிவிட்டு உன் மகள் வீட்டுக்குப் போனேன். அவள், "அடுத்த வாரம் பாத்துக்கலாம் பெரிம்மா, வூட்ல வேல இருக்குது" என்றாள். உன் குரலேதான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இருவரும் பரிசோதனை செய்துகொண்டு வந்தோம். இருவருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள்.

வந்ததும் அந்த வரிக்குக் கோடு போட்டு, தாளை உன் கம்பியிலேயே குத்தினேன். மற்ற இரண்டு வரிகளில் நான் எதுவும் எழுதவில்லை.