எல்லாத்துக்கும் ஒரே தேதி

வெள்ளி, ராத்திரி.

காலையில பாத்தா, பொம்மைக்குப் பூசுற கிளேஸ் கலவை அளவு எழுதி வெச்ச ஃபைல் திறக்கவே இல்ல. நாளைக்கு பொம்மைங்கள சூளையில வைக்கணும். பேக்கப்ல தேடினா, கம்ப்யூட்டர்ல இருக்கிற லினக்ஸ் எல்லா ஃபைலுக்கும் ஒரே தேதியைக் காட்டுது. புது டிஸ்க்குக்கு நான் காப்பி பண்ணின நாள் அது. இதுல எது கடைசியா மாத்தின கலவை?

எங்க வூட்டுக்காரரு ஒவ்வொண்ணாத் திறந்தாரு. பொம்மை அடியில ஈரமண்ணுல தேதி கீறுற பழக்கம் அவருக்கு. ஃபைலுக்குள்ளயும் முதல் வரியில தேதி போட்டிருந்தாரு. "அதான் கம்ப்யூட்டரே போடுதே, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"ன்னு எத்தனை தடவை சிரிச்சிருக்கேன்.

கடைசிக் கலவை கிடைச்சிடுச்சு. சொல்லிக் காட்டுவாருன்னு பாத்தேன். "டீ குடிக்கிறியா?"ன்னு மட்டும் கேட்டாரு.

திட்டியே இருக்கலாம், மனுஷன்.